முதலில் சமநிலை, பிறகு வேகம்

பனிச்சரிவில் முதன்முதலாக நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பல நாடுகளில் பயிற்றுநர்கள் சொல்லித்தரும் முதல் சொல் 'பீட்சா'. சறுக்குப் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகற்றினால் பீட்சா துண்டின் வடிவம் வரும்; வேகம் குறையும். உலகின் அதிவேக விளையாட்டுகளில் ஒன்றான ஆல்பைன் பனிச்சறுக்கு, வேகத்தை அடக்கும் பாடத்தில்தான் தொடங்குகிறது.

இதற்குக் காரணம் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு உடலைவிட ஒப்பளவில் தலை பெரிது. கால்களில் வலு குறைவு. கனத்த காலணியை மாட்டியதும் பின்பக்கம் சாய்ந்து நிற்பார்கள். அப்படி நின்றால் பலகை சொன்னபடி திரும்பாது. "முன்னால் சாய்" என்று கத்துவதால் பயனில்லை. எனவே நல்ல பயிற்றுநர் கைத்தடிகளை வாங்கி வைத்துவிட்டு, ஒரு காலைத் தூக்கிச் சறுக்கச் சொல்வார்; சிறு மேடுகளில் குதிக்க விடுவார்; தமக்குப் பின்னால் வளைந்து வளைந்து வரச் சொல்வார். பனி இல்லாத மாதங்களில் சைக்கிள், ஸ்கேட்டிங், பந்து, கயிறு தாண்டுதல் எனப் பயிற்சி தொடரும். பிள்ளைக்கு அது விளையாட்டு. உடலுக்கோ சமநிலையும் ஒருங்கிணைப்பும் கற்கும் வகுப்பு.

அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் சிறுவயதில் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டவும், பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கவும் பழகியவர். அடிக்கடி பந்தயங்களுக்குச் செல்வதைவிட அடிப்படைப் பயிற்சிகளைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கே அவரது குடும்பம் முதலிடம் தந்தது. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் 18 வயதிலேயே ஸ்லாலம் தங்கத்தை வென்றார். 2025இல் உலகக் கிண்ணப் போட்டிகளில் தமது 100ஆவது வெற்றியைத் தொட்டார்.

நார்வே இந்த அணுகுமுறையை விதியாகவே ஆக்கியிருக்கிறது. அங்கு 11 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் போட்டிகளில் தரவரிசைப் பட்டியல் கிடையாது. 13 வயது ஆகும் ஆண்டுவரை தேசிய வெற்றியாளர் போட்டியிலும் இடமில்லை. சுமார் 5.5 மில்லியன் மக்களைக் கொண்ட அந்நாடு, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்று முதலிடம் பிடித்தது. பனியும் வசதியும் நார்வேக்குத் துணை நிற்பது உண்மைதான். ஆனால் பிள்ளைகளை அவசரப்படுத்தாததால் அந்நாடு பின்தங்கிவிடவில்லை என்பதையாவது நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடும் உழைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஷிஃப்ரினும் கடுமையாக உழைத்தவர்தான். எதற்காக உழைக்கிறோம் என்பதே கேள்வி. எட்டு வயதில் கிடைக்கும் கோப்பை, உடல் சற்று முந்தி வளர்ந்ததன் அடையாளமாக மட்டுமே இருக்கலாம். அதையே திறமை என்று நம்பி ஒரு பிள்ளையைத் தூக்கிவைக்கும்போது, மெதுவாக வளரும் இன்னொரு பிள்ளை தனக்குத் திறமையே இல்லை என்று எண்ணி விலகிவிடுகிறது. எனக்கு வருத்தம் தருவது இந்த இரண்டாவது பிள்ளையின் இழப்புதான்.

மாணவர்களே, நாளை உங்களில் சிலர் ஆசிரியராகவோ பயிற்றுநராகவோ ஆவீர்கள். பலர் பெற்றோர் ஆவீர்கள். அன்று ஒரு பிள்ளை உங்களிடம் ஓடிவரும்போது, "எத்தனையாவதாக வந்தாய்?" என்று கேட்காதீர்கள். "இன்று புதிதாக என்ன செய்யக் கற்றுக்கொண்டாய்?" என்று கேளுங்கள்.