ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை சேம்பரைத் திறந்து பாருங்கள்



2023 டிசம்பர் மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மிக்ஜாம் புயல் ஊரை ஊற வைத்த அந்த நாட்களில், மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் வாசல் வழியாக வந்த தண்ணீரைவிடக் கழிவறை வழியாக வந்த தண்ணீர்தான் ஆட்களைப் படுத்தியது. தரைத்தளத்தில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி வீட்டில் ராத்திரி குளியலறை ஜாலி குமுறத் தொடங்கியது. முதலில் குமிழி, பிறகு நாற்றம், பிறகு கறுப்புத் தண்ணீர். வாசலுக்கு மணல் மூட்டை அடுக்கத் தெரிந்த எங்களுக்கு, கழிவறைக் கோப்பையின் வாயை எப்படி அடைப்பது என்று தெரியவில்லை. பழைய மெத்தையைத் திணித்துப் பார்த்தோம். மெத்தை மிதந்தது. பாட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம். மாடி வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்; துண்டு கொடுத்தார்கள், காப்பி போட்டுக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் அந்தக் கட்டடத்து மொட்டை மாடித் தண்ணீர்தான் கீழே பாட்டி வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது என்பது அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

தண்ணீர் வடிந்ததும் வழக்கம்போல அதிகாரிகளைத் திட்டினோம். திட்டக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அடுத்த தூறல் போட்ட அன்று, இந்தப் பக்கம் பல வருடமாகக் குழாய் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் கடப்பாரையால் ஒரு வீட்டுக் கழிவுநீர்ச் சேம்பர் மூடியை நெம்பிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். உள்ளே பளிங்கு மாதிரித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "சாக்கடையில தெளிஞ்ச தண்ணிக்கு என்ன சார் வேலை?" என்றார். அன்று மாலைக்குள் பதினொரு வீட்டுச் சேம்பர்களைத் திறந்து பார்த்தோம். ஏழு வீடுகளில் மாடியிலிருந்து வரும் மழைக்குழாய் நேராகக் கழிவுநீர்ச் சேம்பருக்குள் இறங்கியிருந்தது. அந்த ஏழில் இரண்டு, இந்த வேண்டுகோளை எழுதும் எங்களுடைய வீடுகள்.

உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி. ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை. சென்னைக்கு இது புதிதல்ல. அந்த மாடியில் மட்டும் ஏறக்குறைய 9,300 லிட்டர் விழும். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் செலவு என்பது திட்டக்காரர்கள் வைக்கும் கணக்கு. அதில் ஐந்தில் நாலு பங்கு கழிவுநீராகத் திரும்புகிறது என்று கொண்டால் 430 லிட்டர் சொச்சம். ஆக, ஒரு குடும்பம் மூன்று வாரம் வெளியேற்றும் அளவு தண்ணீரை ஒரே நாளில் அந்தக் குழாய்க்குள் தள்ளுகிறோம். தெருக் குழாய் என்ன செய்யும்? பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே வழி தேடும். எங்கள் தெருவில் அந்தப் பள்ளம் பாட்டி வீடு.

நம் ஊரில் கழிவுநீருக்குத் தனிக் குழாய், மழைநீருக்குத் தனி வடிகால். கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன் வழியாகக் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி என்று ஏதாவது ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டியது. மழைநீர் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போக வேண்டியது. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். கழிவறைக் குழாயை ராத்திரியோடு ராத்திரியாக மழைநீர் வடிகாலில் சொருகிவிடுகிறவர்களும் நம்மில் உண்டு. அடையாற்றையும் கூவத்தையும் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இல்லை என்பது எங்கள் கட்சி.

பழைய சென்னையின் கழிவுநீர் அமைப்பு 1910-களில் திட்டமிடப்பட்டபோது, 1961-ல் ஊரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கு வைத்தார்கள். 1961 கணக்கெடுப்பில் 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ குழாய்கள் மாற்றியும் பெரிதாக்கியும் போடப்பட்டன. தெருக் குழாய் மாறிய இடங்களிலும் நம் வீட்டுக் குழாய் மாறவில்லை. ஒரு குடும்பம் இருந்த ஓட்டு வீட்டை இடித்து எட்டு ஃபிளாட் கட்டுகிறோம். கிரானைட் புதிது, லிஃப்ட் புதிது. கழிவறையிலிருந்து தெருவுக்குப் போகும் குழாய் மட்டும் தாத்தா காலத்து மண் குழாய். தரைக்கு மேலே பார்த்துப் பார்த்து விலை பேசியவர்களில் ஒருவராவது தரைக்குக் கீழே என்ன குழாய் என்று கேட்டிருப்போமா? நாங்கள் கேட்கவில்லை.

அந்த மண் குழாயை, ஸ்டோன்வேர் குழாயைக் குறை சொல்வதற்கில்லை. சாக்கடையில் உண்டாகும் அமிலம் அதை அரிக்காது. அதன் பலவீனம் இணைப்பில்தான். ஒரு துண்டு இரண்டு அடி நீளம். முப்பது அடி ஓட்டத்தில் சுமார் பதினைந்து இணைப்பு. சணலும் சிமென்ட்டும் வைத்துப் பூசிய இணைப்பு, மண் இறங்கும்போது விரியும். விரிந்த இடத்தில் ஈரம் கசியும். ஈரம் கசியும் இடத்தைத் தேடி வேர் வரும். காம்பவுண்டு ஓரத்துத் தென்னையும் சுவரில் தானாக முளைத்த அரசங்கன்றும் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள். வேர் நுழைந்த குழாயில் தலைமுடி சிக்கும், முடியில் தேங்காய் நார் சிக்கும், நாரில் ஷாம்பு பாக்கெட் சிக்கும், அதன்மேல் அடுப்படி எண்ணெய் உறையும். பிறகுதான் நாம் ஆளைக் கூப்பிடுகிறோம்.

அதைவிட மோசம், கசிவு நம் குடிநீர்ச் சம்ப்பைத் தொடுவது. பழைய வீடுகளில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே சந்தில் தோளோடு தோள் போகின்றன. குடிநீர் நாள் முழுக்க வருவதில்லை. வராத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. ஓட்டை இருந்தால் சுற்றியுள்ள அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். வீட்டில் அடுத்தடுத்து எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு வந்தால் ஓட்டல் சாப்பாட்டைக் குற்றம் சொல்வதற்கு முன், அந்தச் சந்தை ஒருமுறை தோண்டிப் பாருங்கள்.

மாற்றுவது என்று முடிவு செய்தால் சரியாக மாற்றுங்கள். மாடியிலிருந்து சுவரோரமாக இறங்கும் சாம்பல் நிறக் குழாயையே மண்ணுக்குள்ளும் புதைத்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தரைக்குக் கீழே போட வேண்டியது வேறு. அதற்கென்றே ஐஎஸ் 15328 என்ற தரத்தில், மண்ணின் கனத்தைத் தாங்கும்படி செய்த குழாய் கடைகளில் கிடைக்கிறது. குழாயில் அந்த எண் அச்சாகியிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். சரிவுக்குப் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: குழாய் எத்தனை அங்குலமோ அதைப் பத்தால் பெருக்கு, அத்தனை அடி தூரத்துக்கு ஓரடி இறக்கம். நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓரடி, ஆறு அங்குலத்துக்கு அறுபது அடிக்கு ஓரடி. கண்ணால் பார்த்து "சரியாத்தான் சார் இருக்கு" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பார்க்கச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். குழாயின் அடியில் கல்லும் செங்கல் துண்டும் இல்லாமல் மணல் பரப்பி அதன்மேல் படுக்க வையுங்கள். திரும்ப வேண்டிய இடத்தில் ஒரேயடியாக மூலைமட்டமாகத் திருப்பாமல் பாதி பாதியாக இரண்டு வளைவு, அல்லது ஒரு சேம்பர். சேம்பரின் தரை தட்டையாக இருக்கக் கூடாது. அரைவட்ட வாய்க்கால் போல வார்த்து, இரண்டு பக்கமும் சாய்த்துப் பூச வேண்டும். தட்டையாக விட்ட சேம்பரில் தங்குவது எது என்று எழுத வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம்: மண்ணைப் போட்டு மூடுவதற்கு முன் கீழ் முனையை அடைத்து, குழாயில் தண்ணீர் நிரப்பி, கொஞ்ச நேரம் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். மேஸ்திரிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகும் அவசரம் இருக்கும். மூடிவிட்டால் மறுபடி திறக்க உங்கள் பேரனுக்குத்தான் நேரம் கிடைக்கும். அப்படியே காற்றுக்குழாயையும் நிமிர்ந்து பாருங்கள். மாடியில் அறை எழுப்பும்போது "அசிங்கமா இருக்கு" என்று அதை அறுத்தெறிந்த வீடுகள் நிறைய. காற்றுக்கு வழியில்லாவிட்டால் ட்ராப்பில் நாற்றத்தைத் தடுக்க நிற்க வேண்டிய இரண்டு அங்குலத் தண்ணீரை ஓட்டம் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பிறகு நாற்றம் வீட்டுக்குள்தான்.

தெருவில் இருக்கும் இணைப்பை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். அதற்குக் குடிநீர் வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளமான வீட்டுக்காரர்கள் சிலர், கழிவுநீர் திரும்பி வராமலிருக்க வால்வு வைக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் உங்கள் வீட்டில் நுழைய முடியாத தண்ணீர் பக்கத்து வீட்டைப் பார்த்துப் போகும். மாடிக்குழாயைப் பிரிக்காமல் வால்வு மட்டும் வைப்பது எங்களுக்கு உடன்பாடில்லை.

இந்த மாடித் தண்ணீருக்குப் போக இடம் இல்லாமலும் இல்லை. 2003-ல் மாநிலம் முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எல்லோரும் குழி வெட்டினோம். அந்தக் குழி இப்போது எங்கே? பாதிக்கு மேல் கார் நிறுத்தத் தரை போட்டபோது புதைந்துபோயிற்று. குழி தூர்ந்ததும் முற்றத்தில் தண்ணீர் நின்றது. நின்ற தண்ணீரைப் பார்த்து யாரோ ஒரு கெட்டிக்காரர் குழாயைச் சேம்பரில் திருப்பிவிட்டார். பெரும்பாலான வீடுகளில் கதை இதுதான். குழியைத் தேடி எடுத்து, சகதியை அள்ளி, கூழாங்கல்லும் மணலும் புதிதாகப் போட்டால் பழையபடி குடிக்கும். அதையும் மீறி வழிவது மழைநீர் வடிகாலுக்குப் போகட்டும்.

இன்னொரு விஷயம். அடைத்துக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? தெருமுனையில் கேட்டால் ஒரு நம்பர் கிடைக்கும். ஒருவர் மூங்கில் பிளாச்சோடு வருவார். பிளாச்சுக்கு அசையவில்லை என்றால், "கொஞ்சம் சேர்த்துக் கொடுங்க, இறங்கிப் பார்க்கிறேன்" என்பார். நாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு தலையசைப்போம். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், அவருடைய அப்பா என்ன வேலை செய்தார் என்பது நமக்குத் தெரியாததல்ல. தெரிந்ததால்தான் அவரை இறங்கச் சொல்ல நமக்குக் கூசவில்லை. தேங்கிய கழிவிலிருந்து வரும் வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் அப்படியே சாய்வார். தூக்கப் போகும் இரண்டாவது ஆளும் சாய்வார். நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில், 1993-க்குப் பிறகு இப்படிச் செத்தவர்கள் அதிகம் உள்ள மாநிலம் நம்முடையது.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பாதுகாப்பில்லாமல் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ சுத்தம் செய்ய எந்த ஆளையும், நேராகவோ வேறொருவர் மூலமாகவோ, யாரும் அமர்த்தக் கூடாது. முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். குழிக்குள் இறப்பவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. அந்தத் தொகையை நினைத்துப் பயந்தாவது நிறுத்துங்கள் என்று எழுதலாமா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. எழுதிவிட்டோம். அடைப்பு என்றால் குடிநீர் வாரியத்தின் 1916-க்குப் போன் செய்யுங்கள், இயந்திரம் வரும்வரை காத்திருங்கள். ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கழிவறையைப் பயன்படுத்துவதில் குறைந்துபோகிறவர்கள் யாரும் இல்லை. எங்கள் வீடுகள் திறந்திருக்கின்றன.

காசு ஆகுமே என்பீர்கள். ஆகும். பக்கத்தில் இருக்கிற ஆலந்தூரில் 1990-களின் கடைசியில் பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தபோது, வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். அன்றைக்கு அது பெரிய தொகை. குடியிருப்போர் சங்கங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசின. குழாய் பதிக்கும் முன்பே ஆயிரக்கணக்கான வீடுகள் பணம் கட்டின. நாம் ஊருக்குக் குழாய் போட வேண்டாம், வாசல் வரை போட்டால் போதும். ஃபிளாட் வீடுகளில் தரைத்தளக்காரர் தலையில் மட்டும் செலவைக் கட்டாதீர்கள். மேலிருந்து வருவதுதான் கீழே தேங்குகிறது. நாலைந்து வீடு சேர்ந்து ஒரே மேஸ்திரியிடம் பேசினால் கூலியில் கொஞ்சம் குறையும். ஆடியில் வீட்டு வேலை தொடங்க மாட்டோம் என்கிறவர்களுக்கு: இது தொடக்கமல்ல, பழுது பார்ப்பது. பழுதுக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்களில் ஆறு பேர் முதல் வீட்டிலிருந்து தொடங்குகிறோம். கையில் ஒரு கடப்பாரை, ஒரு பாட்டில் சொட்டு நீலம். மாடியில் மழைக்குழாயின் வாயில் ஒரு பக்கெட் தண்ணீரில் நீலம் கரைத்து ஊற்றுவோம்; கீழே சேம்பரில் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். நீலம் வந்தால் சொல்லிவிட்டுப் போவோம், வேறெதுவும் பேச மாட்டோம். யார் வீட்டில் வந்தது என்று எழுதி ஒட்டவும் மாட்டோம். காப்பி வேண்டாம், ஆறு வீட்டுக்கு மேல் தாங்காது. மொட்டை மாடிச் சாவியை மட்டும் எடுத்து வையுங்கள்.