எது முன், எது பின், ஏன்?

நிகழ்வுகளை வரிசைப்படுத்தும் பயிற்சி தொடக்க வகுப்பில் படக்கதையோடு தொடங்கி, உயர்நிலை வகுப்புகளில் காலக்கோடு வரைவது வரை நீள்கிறது. இத்தனை ஆண்டுகளிலும் மாணவரிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் வரிசை மட்டுமே. அந்த வரிசை ஏன் அப்படி அமைந்தது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

பாட்டி வடை சுட்ட கதையின் நான்கு படங்களைக் கலைத்துக் கொடுத்தால் இரண்டாம் வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் சரியாக அடுக்கிவிடுவார்கள். கதை முன்பே தெரியும். அங்கே வேலை செய்வது நினைவு. தெரியாத காட்சிகளைக் கொடுக்கும்போதுதான் பயிற்சி தொடங்குகிறது. மொட்டை மாடியில் வற்றல் காய்கிறது, வானம் கறுத்திருக்கிறது, பாயைச் சுருட்டிக்கொண்டு ஒருத்தி படியிறங்குகிறாள், மாடித் தரை ஈரமாக மின்னுகிறது. சுருட்டிய பாய் நனைந்திருக்கிறதா என்று குழந்தை குனிந்து பார்க்கிறது. மழை முந்தியதா, அவள் முந்தினாளா என்பதற்கான தடயம் அந்தப் பாயில்தான் இருக்கிறது.

மொழியிலும் ஒரு முடிச்சு உண்டு. மொழியியலாளர் ஈவ் கிளார்க் 1971இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில் சிறியவர்கள், வாக்கியத்தில் முதலில் சொல்லப்பட்டதையே முதலில் நடந்ததாகக் கொள்ளும் போக்கு தெரிந்தது. தமிழில் இது தனிக் கவனம் கேட்கும். 'கை கழுவிய பிறகு சாப்பிட்டாள்' என்பதில் சொல்லும் வரிசையும் நடந்த வரிசையும் ஒன்று. 'சாப்பிடுவதற்கு முன் கை கழுவினாள்' என்பதில் இரண்டாவதாக நடந்தது முதலில் வந்துவிடுகிறது. தமிழில் துணைத்தொடர் முதன்மைத் தொடருக்கு முன்னே நிற்பதே இயல்பு என்பதால், 'முன்' வரும் வாக்கியம் பெரும்பாலும் தலைகீழாகவே இருக்கும். ஆகவே 'பிறகு' வாக்கியங்களில் தேர்ந்த பிள்ளை 'முன்' வாக்கியங்களில் தடுமாறினால், அதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. வாக்கியத்தைப் படித்ததும் நடித்துக் காட்டச் சொல்வது நல்ல சோதனை. 'எழுந்து, பல் துலக்கி, குளித்து' என்னும் வினையெச்ச அடுக்கு, பிள்ளை வீட்டிலிருந்தே கொண்டுவரும் கருவி. அதில் தொடங்குவது எளிது. 'சிரித்துப் பேசினாள்' என்பதில் மட்டும் முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பதையும் ஒருநாள் காட்டிவிட வேண்டும்.

எல்லா வரிசையும் ஒரே தரத்தது அல்ல. தோசை மாவையே பார்க்கலாம். ஊறாமல் அரைக்க முடியாது, இது கட்டாயம். உளுந்தை முதலில் அரைப்பது பல வீடுகளின் வழக்கம். மாற்றி அரைத்தாலும் மாவு கிடைக்கும். அரிசி ஒரு பாத்திரத்திலும் உளுந்து இன்னொன்றிலும் ஊறும்போது எது முதல் என்ற கேள்விக்கே இடமில்லை. பாடநூல் பயிற்சிகள் இம்மூன்றையும் ஒரே மாதிரி 1, 2, 3 என்று எண்ணிடச் சொல்வதால், வழக்கமும் கட்டாயமும் மாணவர் மனத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

வரலாற்று வகுப்பில் இந்த வேறுபாட்டுக்கு வேலை அதிகம். வேலூர் எழுச்சியை எடுத்துக்கொண்டு, ஆண்டுகள் எழுதாத ஆறு அட்டைகளைக் கொடுக்கலாம்: திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்தல், அவர் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் வைக்கப்படுதல், சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை ஆணை, மறுத்தவர்களுக்குக் கசையடி, கோட்டையில் எழுச்சி, ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியின் படை வருதல். ஆணை இல்லாமல் மறுப்பு இல்லை. எழுச்சி இல்லாமல் கில்லெஸ்பி வரக் காரணமில்லை. திப்பு வீழ்ந்திராவிட்டால் குடும்பம் வேலூருக்கு வந்திராது. இவ்வளவையும் மாணவரே வாதாடி அடுக்கிவிடலாம். குடும்பத்தார் வேலூருக்கு வந்தது முதலா, தலைப்பாகை ஆணை முதலா என்ற இடத்தில் வகுப்பு நின்றுவிடும். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமில்லை. எவ்வளவு யோசித்தாலும் விடை வராது. இங்கேதான் ஆண்டு தேவைப்படுகிறது: திப்பு வீழ்ந்ததும் அதையொட்டிக் குடும்பத்தார் வேலூருக்கு வந்ததும் 1799, ஆணை 1805, எழுச்சி 1806 ஜூலை 10. காரணம் கைவிடும் இடத்தில் ஆண்டு வந்து நின்றால் அது மனத்தில் தங்கும். முதல் நாளே ஆறு ஆண்டுகளையும் ஒப்பிக்க வைத்தால், தேர்வுக்கு மறுநாள் ஆறும் போய்விடும்.

இலக்கியப் பாடத்தில் சிக்கல் வேறு. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த பிறகு, கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் கோவலனின் முற்பிறப்புக் கதையைக் கண்ணகிக்குச் சொல்கிறது. நூலில் வெகு பின்னால் வருவது, நிகழ்ந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது. சொல்லப்பட்ட வரிசைக்கு ஒரு கோடு, நிகழ்ந்த வரிசைக்கு ஒரு கோடு என இரண்டை வரைந்து காதைகளைப் பொருத்தினால், பின்னோக்கு உத்திக்குத் தனி விளக்கம் அதிகம் தேவைப்படாது. புலவர் அதை ஏன் அங்கே வைத்தார் என்பதே பிறகு பேசவேண்டிய பொருள்.

வரிசை தெரிந்தாலும் இடைவெளி தெரிந்துவிடாது. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கயிற்றில் குறித்தால், தஞ்சைப் பெரிய கோயில் நிறைவுற்ற 1010க்கும் வேலூருக்கும் நடுவே ஏறத்தாழ எட்டு மீட்டர். வேலூருக்கும் 1947க்கும் நடுவே ஒன்றரை மீட்டர்கூட இல்லை.

மதிப்பீடு இதையெல்லாம் கெடுத்துவிடக்கூடும். சரியான வரிசை அ, ஆ, இ, ஈ என்றிருக்க, மாணவர் ஈ, அ, ஆ, இ என்று எழுதினால் நான்கு இடங்களும் தவறு. வழக்கமான திருத்தத்தில் பூச்சியம். நான்கு நிகழ்வுகளுக்குள் எது முன், எது பின் என்று ஒப்பிடத்தக்க இணைகள் ஆறு. அந்த விடையில் அ-ஆ, அ-இ, ஆ-இ என மூன்று இணைகள் சரி. மாணவர் தவறாகப் புரிந்துகொண்டது ஈ என்ற ஒரே நிகழ்வைத்தான். முழுவதும் தலைகீழாக ஈ, இ, ஆ, அ என்று எழுதியவருக்கு ஓர் இணைகூடச் சரியில்லை. இருவருக்கும் ஒரே பூச்சியம் என்றால், யாருக்கு எதைத் திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்பது ஆசிரியருக்குத் தெரியாமலே போகும்.

பொதுத்தேர்வின் மதிப்பெண் முறையை மாற்றுவது ஓர் ஆசிரியரின் கையில் இல்லை. அலகுத் தேர்வு அவர் கையில் இருக்கிறது. அடுத்த அலகுத் தேர்விலேயே வரிசை வினாவை இணை பார்த்துத் திருத்தி, 'இது ஏன் அதற்கு முன்?' என்று ஒருவரி விடைக்கும் ஒரு மதிப்பெண் ஒதுக்க ஆசிரியர்கள் முன்வர வேண்டும்.