கப்பலுக்குப் பிணை வேண்டும், தோட்டத்துக்கு வேண்டாமா?



77இலும் 83இலும் கலவரத்தில் அடிபட்டு, மலைநாட்டை விட்டுத் திருகோணமலைப் பக்கம் குடியேறிய நம் குடும்பங்களுக்குத் துறைமுகச் சங்கதி ஒன்று தெரிந்திருக்கும். மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுக்காத கப்பலைத் தடுத்து வைக்க நீதிமன்றத்தால் முடியும். 1983ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொழும்பு மேல் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. கப்பல்காரர் பணத்தைக் கட்ட வேண்டும், இல்லையேல் பிணை வைக்க வேண்டும். அதுவரை நங்கூரம் தூக்க முடியாது.

இனித் தோட்டத்துக்கு வருவோம். சொந்தக்காரர்களுக்குள் வழக்கு, அல்லது ஈட்டுக் கடன் வழக்கு. வழக்கு முடியும்வரை தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் ஒருவரை நியமிக்கிறது. அவர்தான் 'ரிசீவர்' என்கிற பெறுநர். கொழுந்து விற்ற காசு அவர் கைக்கு வரும். சம்பளம் போடுவதும் அவர்தான். நம் சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்து, தோட்டத்தின் 12 சதவீதத்தோடு சேமலாப நிதிக்கும், இன்னும் 3 சதவீதத்தை நம்பிக்கை நிதிக்கும் அனுப்ப வேண்டியவரும் அவரே. 100 ரூபா சம்பளத்துக்கு 23 ரூபா!

அந்தப் பணத்துக்கு அவர் வைக்கும் பிணை என்ன? 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 671ஆம் பிரிவிலிருந்து பெறுநர் பற்றிய விதிகள் இருக்கின்றன. கணக்குக் காட்ட வேண்டும், வேண்டுமென்றோ பெருங் கவலையீனத்தாலோ நட்டம் வந்தால் அவரே பொறுப்பு என்கின்றன. ஆனால் பிணை கேட்பதா, எவ்வளவு கேட்பது என்பது நீதிபதியின் விருப்பம். கணக்கும் இல்லை, காசும் இல்லை என்று ஒருவர் கைவிரித்தால் வெறும் பொறுப்பை வைத்து அடுப்பெரிக்க முடியுமா? பிணைமுறி இருந்தால் வங்கியோ பிணையாளியோ அந்தப் பணத்தைக் கட்டியாக வேண்டும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

"நீதிமன்றம் நியமித்தவரையே சந்தேகிப்பதா?" என்று கேட்பார்கள். காசு புழங்கும் வேலைக்குப் போகிற சாதாரணக் காசாளரிடம் பிணை கேட்கிறார்கள். அதை யாரும் அவமானம் என்பதில்லை. இந்தச் சட்டம் வந்த இங்கிலாந்திலேயே, முறிந்துபோன கம்பனியைப் பொறுப்பேற்பவர் பிணை இல்லாமல் கடமையைத் தொடங்க முடியாது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. "பிணைக்குச் செலவாகும், தோட்டம் தாங்காது" என்றும் சொல்வார்கள். பெறுநரின் கட்டணத்தைத் தாங்குகிற தோட்டம் இதையும் தாங்கும்.

அரசாங்கத் தோட்டங்களிலேயே சேமலாப நிதியும் பணிக்கொடையும் வருடக்கணக்கில் நிலுவையாகக் கிடந்ததை நாம் பார்த்தவர்கள். நிரந்தர நிர்வாகத்திடமே இந்தப் பாடு என்றால், வழக்கோடு வந்து வழக்கோடு போகிறவரிடம் பின்னால் எங்கே போய்க் கேட்பது?

ஆகவே நமது கோரிக்கைகள்:

பிணைமுறி வைத்த பிறகே பெறுநர் தோட்டத்துக்குள் கால் வைக்க வேண்டும்.

பிணைத் தொகையில் சம்பளமும் இரண்டு நிதிகளும் பணிக்கொடையும் அடங்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீதிமன்றத்தில் கணக்கு. அதன் பிரதி சங்கத்துக்கும் தொழில் திணைக்களத்துக்கும்.

தோட்டத் தலைவர்மாரே, உங்கள் தோட்டத்துக்கு ரிசீவர் வருகிறார் என்று காதில் விழுந்த அன்றே மாவட்டக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள். ஆளுக்கு எவ்வளவு நிலுவை என்று பட்டியல் எழுதிக் கொடுங்கள். நியமனக் கட்டளை எழுதப்படும் முன்பே அந்தப் பட்டியலை வழக்கறிஞர் மூலம் நீதிபதியின் பார்வைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாலுமியின் சம்பளத்துக்குக் கப்பலையே நிறுத்துகிற நாட்டில், கொழுந்து பறிப்பவளின் சம்பளத்துக்கு ஒரு பிணைமுறி கேட்பது பெரிய காரியமா?