மணிக்கட்டில் ஒரு பொய்க்கணக்கு

"எரித்த கலோரி எவ்வளவோ அவ்வளவு உண்ணலாம், எரித்தது எவ்வளவு என்பதை வாட்ச் சொல்லும்" என்னும் நூதன உபதேசத்தை, பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கங்களிலும், உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர்களிலும், நடைப்பயிற்சி நண்பர்களின் வாயிலும் பல வருஷங்களாகக் கேட்டு அலுத்திருந்த எனக்கு, சென்ற கார்த்திகை ஞாயிறு ஒன்றில் சோளிங்கர் மலையடிவாரத்தில் அதையே ஒரு பிரசங்கமாகக் கேட்கும் பாக்கியம் கிட்டியது. பெரிய மலையின் 1305 படிகளையும் ஏறி இறங்கி, யோக நரசிம்மரைச் சேவித்து வந்த ஆம்பூர் அன்பர் ஒருவர், மணிக்கட்டை உயர்த்திச் சுற்றி நின்றோருக்குக் காட்டி, 520 கலோரி எரிந்துவிட்டதென்றும், ஊர் திரும்பியதும் ஒரு தட்டுப் பிரியாணிக்குத் தாம் பாத்தியதை பெற்றுவிட்டதாகவும் பிரகடனம் செய்தார். கார்த்திகை விரதம் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. அவருடைய கணக்கைத்தான் கேட்கிறேன்.

கருவி அளக்கிறது என்பது அவர்களுடைய முதல் வாதம். அது கலோரியை அளப்பதே இல்லை. தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி நாடித்துடிப்பை எண்ணுகிறது. கையின் அசைவை உணர்கிறது. நாம் பதிந்து வைத்த வயது, எடை, உயரம் ஆகியவற்றைக் கூட்டிக்கொண்டு, ஏதோ ஒரு சூத்திரத்தின்படி ஓர் எண்ணை அனுமானிக்கிறது. தேகம் செலவிடும் சக்தியை உள்ளபடி அறிய வேண்டுமானால், முகமூடி அணிவித்து, உள்ளே போகும் பிராணவாயுவையும் வெளியே வரும் கரியமில வாயுவையும் கணக்கெடுக்க வேண்டும். அல்லது அதற்கென்று தயாரித்த விசேஷ நீரைப் பருகச் செய்து நாட்கணக்கில் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். நாடி விரைவதற்கு உழைப்பு ஒன்றே காரணமா? வெயிலில் விரையும், காப்பி குடித்தால் விரையும், சோளிங்கர் படிகளில் குரங்கொன்று பாய்ந்து வந்து தேங்காய்ப் பையைப் பிடுங்கும்போது எப்படி விரையும் என்பதை இந்த மலை ஏறியவர்கள் அறிவார்கள். பையை இழந்து விதிர்விதிர்த்து நின்ற அந்தச் சில நிமிஷங்களையும் வாட்ச் உடற்பயிற்சியாக எழுதிக்கொள்ளக்கூடும்.

விஞ்ஞானம் அங்கீகரித்தது என்பது இரண்டாவது வாதம். அங்கீகரித்த லட்சணத்தைப் பார்ப்போம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேருக்கு ஏழு விதக் கருவிகளை அணிவித்து நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் செய்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். நாடித்துடிப்பை ஆறு கருவிகள் ஏறக்குறையச் சரியாகவே சொல்லின, மறுக்கவில்லை. ஆனால் கலோரியில், ஏழில் உத்தமமான கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழைத்தது. அதமமானது 93 விழுக்காடு பிழைத்தது. "அவை பழைய மாடல்கள்" என்பார்கள். அவை புதியனவாக இருந்தபோதும் இதே உபதேசத்தைத்தானே செய்தார்கள்!

இனி 520 கலோரிக்கு வருவோம். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பௌதிகம் போதும். பெரிய மலையின் உயரம் ஏறக்குறைய 750 அடி, அதாவது சுமார் 229 மீட்டர். அன்பரோ மெலிந்த தேகி; 60 கிலோவுக்கு மேல் இரார். அறுபது கிலோவை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு வேண்டிய சக்தி சுமார் 1,35,000 ஜூல். உணவுக் கணக்கில் சொன்னால் 32 கலோரி. எழுத்துப்பிழையன்று, முப்பத்திரண்டுதான். மனிதத் தசையோ, செலவிடும் சக்தியில் நாலில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் வேலையாக்கி, மீதியை வெப்பமாக விரயம் செய்வது. ஆகையால் நாலு மடங்கோ ஐந்து மடங்கோ பெருக்கினாலும் 130க்கும் 160க்கும் இடையில்தான் நிற்கிறது. இடையிடையே சமதளத்தில் நடந்தது, கைவீசியது, மண்டபத்தில் நின்று மூச்சு வாங்கியது எல்லாவற்றுக்குமாகத் தாராளமாக வைத்து 200 என்போம். இறக்கம் ஏற்றத்தைவிட மலிவானது; அதையும் கூட்டினால் முந்நூறைத் தொடலாம். மீதி இருநூற்றுச் சொச்சம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி, அவர் மலைக்கே வராமல் வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தாலும் அந்த நேரத்தில் தேகம் செலவிட்டிருக்கக்கூடிய சக்தி. பல கருவிகள் அதையும் உடற்பயிற்சியின் பெயரிலேயே பற்றெழுதுகின்றன. இன்னொரு பகுதி குரங்கின் உபயமாக இருக்கலாம். அது போக எஞ்சியதற்குச் சூத்திரமே உத்தரவாதம்.

அந்தச் சூத்திரங்களின் யோக்கியதை ஒரு வரியில் அடங்கும்: சும்மா இருக்கும் மனிதன் கிலோவுக்கு நிமிஷத்துக்கு 3.5 மில்லிலிட்டர் பிராணவாயு கொள்வான் என்பது அவற்றில் பலவற்றின் அஸ்திவாரம். நூற்றுக்கணக்கானவர்களைச் சோதித்து 2005இல் வெளியான ஓர் ஆராய்ச்சியிலோ சராசரி 2.6தான் வந்தது.

உண்மையாகவே உழைப்பவனை இக்கருவி எவ்விதம் மதிக்கிறது? 2024இல் ரோப் கார் வரும்வரை, முதியோரை டோலியில் சுமந்து இதே 1305 படிகளையும் ஏறியவர்கள் இவ்வூரில் இருந்தார்கள். மூங்கிலைப் பற்றிய கை வீசாது. தோளில் ஏறிய பாரத்தை வாட்ச் அறியாது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் ஷாப்புகளில் ஈரத்தோலை வாரித் தூக்கிப் பலகைமேல் விரிப்பவர், பகல் முழுவதும் நாலடிச் சதுரத்துக்குள் நிற்கிறார். காலடிகளை எண்ணும் கருவிக்கு அவர் சோம்பேறி. கடற்கரைச் சாலையில் கைவீசி உலாவும் கனவானோ வீரர்!

"பிழையானாலும் தினந்தோறும் ஒரே பிழைதானே, ஒப்பிட்டுக்கொள்ளலாமே" என்று கடைசியாக ஒரு சமாதானம் சொல்கிறார்கள். வெயிலுக்கும் வியர்வைக்கும் வார் இறுகுவதற்கும் தளர்வதற்கும் ஏற்ப மாறுவது ஒரே பிழை ஆகாது. மூச்சு வாங்கும் அளவுக்கு நடந்தோமா, ராத்திரி பசித்து உண்டோமா என்பதை அறிய வாரும் வேண்டாம், வாட்சும் வேண்டாம்.

சோளிங்கர் சந்தையில் காய்கறி விற்கும் அம்மாள் தம் மின்னணுத் தராசுக்கு வருஷந்தோறும் முத்திரை வைத்துக்கொள்ள வேண்டும். கிலோவுக்கு 270 கிராம் பிழை காட்டினால் தொழிலாளர் துறை அதிகாரி அதைப் பறிமுதல் செய்துகொண்டு போவார். அதே அளவு பிழை காட்டும் கலோரிக் கருவியை ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறவர்கள், பெட்டியின்மேல் அந்தப் பிழையின் விழுக்காட்டையாவது கொட்டை எழுத்தில் அச்சிடட்டும்.