டிஸ்க் பெட்டி: சர்வருக்கு என்ன தெரிகிறது?

ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பங்கள் வெளியானதும் சிவகாசி அச்சகங்களின் சர்வர்களில் கோப்புகள் குவியத் தொடங்கும். 20×30 அங்குலத் தாளுக்கு 2,400 டி.பி.ஐ.யில் ரிப் (பக்கத்தை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் மென்பொருள்) எழுதித் தரும் ஒரு பிளேட்டின் கோப்பு, சுருக்காத நிலையில், சுமார் 430 எம்.பி. நான்கு நிறத்துக்கு 1.7 ஜி.பி. அதே டிசைனை வாடிக்கையாளர் அடுத்த ஆண்டும் கேட்பார். எதையும் துணிந்து அழிக்க முடியாது. சர்வருக்குள் இடம் தீர்ந்துபோனால் வெளியே ஒரு டிஸ்க் பெட்டி தேவைப்படுகிறது. அப்போது எத்தனை டெராபைட், என்ன விலை என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு டிஸ்க்கையும் சர்வர் நேரடியாகப் பார்க்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

நாலைந்து டிஸ்க் போடும் யு.எஸ்.பி. பெட்டியில் சர்வருக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு பிரிட்ஜ் சிப் இருக்கிறது. டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் அதன் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் தகவலையும் பல சிப்கள் முழுமையாகக் கடத்துவதில்லை. ஒரு டிஸ்க் படிக்கத் திணறினால் இணைப்பே ரீசெட் ஆகி, மற்ற டிஸ்க்குகளும் சேர்ந்து காணாமல் போகலாம். பல டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் செத்துவிட்டதாக நினைத்து, டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு நின்றுவிடும். மாறாக, சர்வர்களுக்கான சாஸ் (SAS) இணைப்புள்ள பெட்டியில் ஒரே கேபிளில் தலா 12 ஜிகாபிட் வேகத்தில் நான்கு தடங்கள் வருகின்றன. மின்விசிறி, வெப்பம், பவர் சப்ளை எல்லாவற்றின் நிலையையும் பெட்டியே சொல்கிறது. கெட்டுப்போன டிஸ்க்கின் விளக்கைச் சர்வரிலிருந்தே மின்ன வைக்கலாம். இது சின்ன வசதி இல்லை. ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனபின், அவசரத்தில் நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் மொத்தமும் நின்றுபோகும்.

சாஸ் விலை அதிகம் என்பது உண்மைதான். நான்கு டிஸ்க் போதுமென்றால் வெளிப்பெட்டியே வேண்டாம். பெரிய கேபினெட் உள்ள சர்வரை வாங்குங்கள். பேக்கப் எடுத்துக் கழற்றி வேறிடத்தில் வைக்க, ஒற்றை டிஸ்க் யு.எஸ்.பி. பெட்டி தாராளமாகப் போதும். ரெய்டு உள்ளேயே அமைந்த பெட்டி சுலபம் என்பார்கள். அதன் கன்ட்ரோலர் போனால் பெரும்பாலும் அதே வகைப் பெட்டியைத் தேடித்தான் தரவை மீட்க வேண்டும். செலவைக் குறைக்கவும் இடமுண்டு. சாஸ் பெட்டியிலும் போடக்கூடிய சாட்டா டிஸ்க்குக்கு ஒரே போர்ட்தான். அதைப் போடுபவருக்கு இரட்டைக் கன்ட்ரோலர் வீண். அந்தப் பணத்தில் இரட்டைப் பவர் சப்ளை வாங்கலாம்.

வைக்கும் இடத்தையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஆஃப்செட் மெஷினின் ஸ்பிரே பவுடரும் காகிதத் தூசியும் பெட்டியின் முன்பக்கத் துளைகளில் படிந்து காற்றோட்டத்தை அடைக்கும்; விருதுநகர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் டிஸ்க் அதைத் தாங்காது. பட்டாசு ஆலை அலுவலகங்களில் கவலை இன்னும் பெரிது: கந்தகம் செம்பையும் வெள்ளியையும் அரிக்கும், அலுமினியப் பொடியோ மின்சாரத்தைக் கடத்தும். மருந்து வாடை எட்டாத, கதவு அடைத்த தனி அறை அங்கே கட்டாயம். இரண்டு பவர் சப்ளைகளும் தனித்தனி யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும். கரண்ட் போய் வந்தபின் பெட்டி முதலிலும், டிஸ்க்குகள் சுழலத் தொடங்கியதும் சர்வர் அடுத்தும் ஆன் ஆகின்றனவா என்று பொருத்த வந்தவரை வைத்தே சோதித்துவிட்டு பில்லில் கையெழுத்திடுங்கள்.