முன்மொழிய ஒரு குரல்

மன்றக் கூட்டம் கூடுகிறது. "இவ்வாண்டின் செயலாளராக இன்னாரை முன்மொழிகிறேன்" என்று ஒருத்தி எழுந்து சொல்கிறாள். "வழிமொழிகிறேன்" என்கிறாள் மற்றொருத்தி. கைதட்டல் எழுகிறது. ஒரு நிமிடத்தில் முடிந்துபோகும் இந்நிகழ்ச்சியை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவளின் மலர்ந்த முகத்தைப் பார்க்கிறோமேயன்றி, முதலில் எழுந்து நின்றவளை மறந்துவிடுகிறோம். அவள் எழுந்திராவிட்டால் எத்தனை தகுதியுடையவளும் கடைசி வரிசையிலேயே அமர்ந்திருப்பாள் அன்றோ?

கற்றோர் உலகிலும் இதே வழக்கம்தான். அறிவியல் கழகங்களும், வரலாற்றுச் சங்கங்களும், மொழியாய்வு மன்றங்களும் சிறந்த நூலுக்கும் ஆய்வுக்கும் பரிசும் பதக்கமும் வழங்குகின்றன. வழங்குமுன், தகுதியுடையோரின் பெயர்களை இன்ன தேதிக்குள் எழுதி அனுப்புமாறு கேட்கின்றன. நடுவர்கள் எத்துணை நேர்மையாளராயினும், தம் மேசைக்கு வந்த பெயர்களுக்குள்தான் தேர்ந்தெடுக்க முடியும். வராத பெயரை அவர்கள் எடைபோடுவது எங்ஙனம்? நோபல் பரிசுக்கோ ஒருவர் தம் பெயரைத் தாமே எழுதி அனுப்பவும் கூடாது. பரிசுக்கு முதற்காரணம் உழைப்பே; அதில் ஐயமில்லை. ஆனால் அவ்வுழைப்பைக் கண்டு, பேனாவைக் கையிலெடுத்து, இன்னார் இதைச் செய்தார் என்று எழுதித்தர மற்றொருவர் வேண்டும். இது விருப்பமிருந்தால் செய்யும் உபசாரமன்று. கற்றவர் ஒவ்வொருவருக்கும் உரிய கடமை என்பதே என் கருத்து.

மேரி கியூரி அம்மையாரை அறியாத மாணவி நம் பள்ளியில் இருக்கமாட்டாள். ஆனால் 1903-ஆம் ஆண்டு நடந்ததை எத்தனை பேர் அறிவோம்? பிரெஞ்சு அறிவியல் கழகத்தைச் சேர்ந்த நால்வர் அவ்வாண்டு இயற்பியல் நோபல் பரிசுக்குப் பெயர்களை எழுதினார்கள். பெக்கொரலின் பெயர் இருந்தது. பியரி கியூரியின் பெயர் இருந்தது. மேரியின் பெயர் இல்லை. கணவருக்குச் சமமாக உழைத்தவரின் பெயர், அவ்வுழைப்பை நன்கறிந்தவர்களாலேயே விடுபட்டுப்போயிற்று. ஸ்வீடன் நாட்டுக் கணித அறிஞர் மிட்டாக் லெஃப்லர் இதைக் கண்டு வருந்தி, பியரிக்குக் கடிதம் எழுதினார். தம்மைப் பரிசுக்கு எண்ணுவது உண்மையானால் தம் மனைவியையும் உடன் சேர்த்தே எண்ணவேண்டும் என்று பியரி பதிலெழுதினார். முந்திய ஆண்டு சார்ல் புஷார் என்ற மருத்துவ அறிஞர் மேரியின் பெயரையும் எழுதியிருந்தது அப்போது கைகொடுத்தது. பரிசு மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவரின் கடிதமும் மற்றொருவரின் நேர்மையும் இல்லையென்றால், நோபல் பரிசு பெற்ற முதற்பெண் என்ற பெருமை அன்று அவருக்குக் கிட்டியிராது.

நம் நாட்டு இராமானுஜனை எடுத்துக்கொள்வோம். அவர் கணிதத்திறனைக் கண்டு கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி, அத்துடன் நின்றுவிடவில்லை. 1917-ஆம் ஆண்டு இராமானுஜன் நோயில் வாடினார். நல்ல உடல்நிலையில் இருக்கும் இளைஞராயின் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கலாம். இவருக்கோ காலம் எவ்வளவு இருக்கிறது என்று கூறமுடியாதே என்று ஹார்டி அஞ்சினார். தயங்காமல் ராயல் சொசைட்டிக்கு அவர் பெயரை முன்மொழிந்தார். 1918-ஆம் ஆண்டு மே மாதம், முதன்முறையிலேயே இராமானுஜன் அதன் உறுப்பினராகத் தேர்வு பெற்றார். 1920-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம், அதற்கடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று ஹார்டி தள்ளிப்போட்டிருந்தால்? பாராட்டுக்கும் பருவம் உண்டு. பயிர் காய்ந்தபின் பெய்யும் மழையால் யாருக்குப் பயன்?

"முன்மொழிந்தால் மட்டும் பரிசு வந்துவிடுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வராமலும் போகும். லீஸ் மைட்னர் என்ற அம்மையார், அணுக்கரு பிளவுபடுவதன் பொருளைத் தம் சகோதரியின் மகனுடன் சேர்ந்து விளக்கியவர். நோபல் ஆவணங்களின்படி, இயற்பியலுக்கும் வேதியியலுக்குமாக அவர் பெயர் பலமுறை முன்மொழியப்பட்டது. ஒருமுறையும் பரிசு கிட்டவில்லை. அவருடன் முப்பதாண்டுகள் உழைத்த ஆட்டோ ஹானுக்கு மட்டும் 1944-ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் பரிசு வழங்கப்பட்டது. அப்படியானால் அக்கடிதங்கள் யாவும் வீணா? இல்லை. நோபல் பரிந்துரைகள் ஐம்பதாண்டுகள் இரகசியமாக வைக்கப்பட்டுப் பின்னரே ஆய்வாளருக்குத் திறந்துவிடப்படுகின்றன. அந்தக் காகிதங்களே இன்று மைட்னருக்குச் சாட்சி. பரிசு தராதவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் அவையே சாட்சி. நூற்றொன்பதாம் தனிமத்துக்கு அவர் பெயரால் மைட்னீரியம் என்று பெயர் விளங்குகிறது.

ஹெர்த்தா அயர்ட்டன் கதையும் இத்தகையதே. மின்வில் விளக்குகளை ஆராய்ந்த இந்த ஆங்கிலப் பெண்மணியை 1902-இல் ராயல் சொசைட்டிக்கு முன்மொழிந்தார்கள். மணமான பெண்ணுக்குச் சட்டப்படி அங்கே இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். ஆயினும் அப்பெயர் எழுப்பிய கேள்வி மறையவில்லை. 1906-இல் அதே சொசைட்டி அவருக்குத் தன் ஹியூஸ் பதக்கத்தை வழங்கியது. 1945-இல்தான் முதன்முதலாகப் பெண்கள் இருவர் அதன் உறுப்பினராயினர். கதவு பூட்டியிருக்கிறது என்பதே, யாராவது தட்டிய பிறகுதானே தெரிகிறது!

நம் நாட்டிலும் எண்ணிப் பாருங்கள். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி வேதியியல் அறிஞர் அசிமா சாட்டர்ஜி, ஆண்டு 1961. அவருக்குப்பின் இரண்டாவது பெண்மணியாக அர்ச்சனா சர்மா அதைப் பெற்றது 1975-இல். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் இந்தியாவில் ஆய்வு செய்த பெண்களே இல்லையா? சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்று, கோயமுத்தூரில் கரும்பு இன ஆராய்ச்சியில் பெரும்பங்காற்றிய தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் பத்மஸ்ரீ விருது பெற்றது 1977-இல். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது.

இவ்விடத்தில் ஒரு தயக்கம் எழும். அதிலும் கன்னியர் நடத்தும் பள்ளியில் பயின்ற நமக்கு அது இயல்பானதே. தாழ்ச்சியே புண்ணியங்களுக்கு அடித்தளம் என்று கற்றிருக்கிறோம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்று கேட்டு வளர்ந்திருக்கிறோம். பரிசை நாடுவது தற்பெருமை ஆகாதா? தன் பெயரைத் தானே ஊதித் திரிவது தற்பெருமைதான். ஆனால் பிறருடைய நற்செயலைப் பற்றி வாய்மூடியிருப்பது தாழ்ச்சியா? அது சோம்பல், சில வேளைகளில் பொறாமை. விளக்கை மரக்காலின் கீழ் மூடிவைக்கக் கூடாது என்ற படிப்பினையையும் அதே ஆண்டவர்தாம் தந்தார். நிறைகுடம் தளும்பாது என்பது பழமொழி. தளும்பாமல் இருப்பது குடத்தின் குணம். அது நிறைந்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்வது பக்கத்தில் நிற்பவரின் கடமை.

பெருமை கைக்கு வந்தால் மனம் கெட்டுவிடும் என்றும் அஞ்ச வேண்டியதில்லை. 1967-இல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, துடிக்கும் விண்மீன்களின் சமிக்ஞையை முதன்முதலில் கண்டவர் ஜோஸலின் பெல் பர்னெல். 1974-இல் அதற்கான நோபல் பரிசு அவருடைய பேராசிரியருக்குச் சென்றது, அவருக்குப் பங்கில்லை. 2018-இல் அவருக்கு முப்பது இலட்சம் டாலர் மதிப்புள்ள வேறொரு பெரும்பரிசு கிடைத்தது. அத்தொகை முழுவதையும், வாய்ப்புக் குறைந்த மாணவர்கள் இயற்பியல் ஆராய்ச்சி செய்ய உதவித்தொகையாகக் கொடுத்துவிட்டார். ஒருவருக்குக் கிடைத்த மரியாதை பலருக்கு வழியாயிற்று.

இதையெல்லாம் எழுதும் நான் குற்றமற்றவள் அல்லள். முன்பு நான் பணியாற்றிய பள்ளியில் உயிரியல் ஆசிரியை ஒருவர் இருந்தார். ஊர் ஏரிக்கரையில் முளைக்கும் செடிகொடிகளை மாணவிகளுடன் சென்று பார்த்து, எந்த மாதத்தில் எது பூக்கிறது, ஊர்ப் பெண்கள் அதை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள், எந்த நோய்க்கு அரைத்துக் கொடுக்கிறார்கள் என்று பதினைந்து ஆண்டுகள் குறிப்பேடுகளில் எழுதிவந்தார். ஒருமுறை ஆசிரியர் சங்கம் ஒன்றிலிருந்து சுற்றறிக்கை வந்தது; பாடத்துறையில் சிறந்த பணி ஆற்றியவரைப் பரிந்துரைக்கும்படி கேட்டிருந்தார்கள். ஆசிரியர் அறையில் அனைவரும் படித்தோம். அவர் பெயர்தான் அனைவர் மனத்திலும் இருந்தது. மற்றவர் எழுதுவார் என்று நான் இருந்தேன். நான் எழுதுவேன் என்று மற்றவர் இருந்தனர். சுற்றறிக்கை என் மேசை இழுப்பறையில் கிடந்தது. தேதி கடந்துவிட்டது. பரிந்துரை எதுவும் வராததால் அவ்வாண்டு உயிரியலுக்குப் பரிசே வழங்கவில்லை என்று பிறகு அறிந்தோம்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட என் மனம் இத்தனை வருந்தியிராது. அவர் ஓய்வு பெற்றபின், ஆய்வுக்கூடத்துக்கு வெள்ளையடித்தபோது, அந்தக் குறிப்பேடுகள் பழைய விடைத்தாள்களோடு சேர்ந்து எடைக்குப் போய்விட்டன. ஒரு சான்றிதழ் மட்டும் கிடைத்திருந்தால் அவற்றைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். பரிசு என்பது ஆளுக்குச் செய்யும் மரியாதை மட்டுமன்று, அவர் ஆற்றிய பணிக்குக் காவலும் ஆகும் என்பதை அன்று உணர்ந்தேன். காலம் கடந்து உணர்ந்தேன்.

ஆதலின் இனி எழுதும் வாய்ப்பு வரும்போது எப்படி எழுதுவது என்பதையும் கூறிவிடுகிறேன். "நல்லவர், பொறுமைசாலி, கடும் உழைப்பாளி" என்று மட்டும் எழுதினால் நடுவருக்கு ஒன்றும் விளங்காது. அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு வந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. பெண்களுக்காக எழுதப்பட்ட கடிதங்கள் பொதுவாகக் குட்டையாகவும், ஐயத்தை விதைக்கும் சொற்கள் மிகுந்தும் இருந்தனவாம். நாம் அந்தத் தவற்றைச் செய்யலாகாது. இவர் வருமுன் நிலைமை என்ன? இவர் செய்தது என்ன? அதனால் மாறியது என்ன? அதற்குச் சான்று எங்கே? இந்நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். பலர் கூடிச் செய்த பணியாயின் அனைவர் பெயரையும் எழுதுங்கள். இல்லாததைக் கூட்டாதீர்கள், உள்ளதைக் குறைக்காதீர்கள். தேதிக்கு முன்னரே அனுப்பிவிடுங்கள்.

பெற்றோரே, இது பேராசிரியர்களுக்கு மட்டும் உரிய வேலை என்று எண்ணாதீர்கள். பத்ம விருதுகளுக்கு இன்று எந்தக் குடிமகனும் பெயர் பரிந்துரைக்கலாம். சகோதரியரே, உங்களுள் எத்தனையோ பேர் சத்தமின்றிக் கற்றும் கற்பித்தும் வருகிறீர்கள். உங்களைப் பற்றி நீங்கள் எழுதமாட்டீர்கள் என்பதை அறிவோம். ஒருவரைப்பற்றி ஒருவர் எழுதலாமே!

மாணவிகளே, நாளை உங்களுள் சிலர் ஆய்வாளராவீர்கள். பரிசு பெறுவீர்களோ இல்லையோ, அதைச் சொல்ல என்னால் இயலாது. ஆனால் ஒன்றை இன்றே தொடங்கலாம். அடுத்த மன்றக் கூட்டத்தில் கடைசி வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் தகுதியுடைய தோழியைத் தேடிப் பாருங்கள். பிறகு எழுந்து நின்று, அவள் பெயரை உரக்கச் சொல்லுங்கள்.