எழுபது புளியங்கொட்டைகள்



சென்ற திங்கள் இப்பகுதியில் இரயில் பயணத்திற்குக் கட்டிச் செல்லும் கட்டுச்சோற்றைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் சிலர் நம்மை நேரிற் கண்டபோது, "சோற்றை நினைவூட்டி நாவில் நீர் ஊறச் செய்துவிட்டீர், இனி நாம் ஆடிய விளையாட்டுகளையும் நினைவூட்டுக" என்றனர். அவர்தம் விருப்பத்தைத் தலைமேற்கொண்டு இத்திங்கள் இளமைக்கால விளையாட்டுகளைப் பற்றிச் சில சொல்லத் துணிகின்றோம். நாம் பத்தாம் வகுப்பு வரையே பயின்றவர். பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னே அமர்ந்து காலங்கழிக்கும் இரயில்வே எழுத்தர். ஆதலின் நம்மிடம் ஆராய்ச்சியை எதிர்பாராது அனுபவத்தை ஏற்றருள வேண்டுகின்றோம்.

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் சாளரத்தின் முன்னே நிற்கும் வரிசையில் தமிழ்க் குரல்கள் மிகுதியாகக் கேட்கும். சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வலியசாலையிலும் வாழும் நம்மவர் நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் அதற்கப்பாலும் புறப்படும் காலம் அது. தந்தையின் தோளில் பை. தாயின் இடுப்பில் குழந்தை. மூத்த பிள்ளையின் கையிலோ கைபேசி. வரிசை நகர்ந்தாலும் அப்பிள்ளையின் கண் அதனைவிட்டு நகர்வதில்லை. அதனைக் கண்டு குறை கூறும் தகுதி நமக்கு இல்லை. நம் இல்லத்திலும் அதுவே நிலையாய் இருந்தது. அது மாறிய வரலாற்றைப் பின்னர்ச் சொல்வோம்.

நாம் பிறந்தது அம்பாசமுத்திரத்திற்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். தந்தையார் இருப்புப்பாதைப் பராமரிப்புத் தொழிலாளி. விளையாட்டுப் பொருள் வாங்கித் தரும் வசதி அவருக்கு இல்லை. ஆயினும் விளையாட்டுப் பொருளுக்குக் குறைவிருந்ததாக நமக்கு நினைவில்லை. பனை காய்க்கும் காலத்தில் நுங்கு எடுத்த காய் இரண்டினை ஒரு குச்சியின் இருமுனையிலும் செருகி, கவைக்கோலால் தள்ளினால் வண்டி. காலித் தீப்பெட்டிகளை நூலில் கோத்து இழுத்தால் இரயில். தந்தையார் பணி முடிந்து வந்ததும் திண்ணையில் அமர்ந்து, அந்த இரயிலுக்குக் கைவிளக்குக் காட்டுவது போல் பீடி நெருப்பை அசைத்து வழிவிடுவார். நாம் பார்த்த முதல் இரயில்வே அதிகாரி அவரே.

விளையாட்டுகளுக்கும் பருவம் உண்டு. எவர் கட்டளையிட்டாரோ அறியோம். ஒரு காலத்தில் தெருவெங்கும் பம்பரமாய்ச் சுழலும். பின்னொரு நாள் பம்பரங்கள் மறைந்து கோலிக்குண்டுகள் தோன்றும். அதன்பின் கிட்டிப்புள் பறக்கும். பெண்பிள்ளைகளுக்குத் தட்டாங்கல், பாண்டி, பல்லாங்குழி. நம் தமக்கையிடம் ஓலைப்பெட்டி நிறையச் சொப்புச் சாமான்கள் இருந்தன. அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர் மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்குச் சாயம் ஏற்றிச் செய்தவை. உரல், அம்மி, திருகை, அடுப்பு, பானை யாவும் கட்டைவிரல் அளவே இருக்கும். அவற்றிலே மண்சோறு சமைத்து நமக்குப் பரிமாறுவாள். உண்டதாக நடித்து, "உப்பு குறைவு" என்று நாம் சொன்னால் தலையில் ஒரு குட்டு விழும்.

இவை நம் தலைமுறையின் கண்டுபிடிப்புகள் என்று அந்நாளில் எண்ணியிருந்தோம். அது எத்துணைப் பேதைமை! தச்சன் செய்து தந்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதனைக் கையால் இழுத்தே இன்புறும் சிறுவரைக் குறுந்தொகை காட்டுகின்றது. உலரும் உணவைக் கவர வந்த கோழியை விரட்ட வீசிய காதணி, முக்கால் சிறுதேர் உருட்டி வரும் பிள்ளைகளின் வழியை மறித்துக் கிடக்கும் காட்சி பட்டினப்பாலையில் உள்ளது. அச்சிறுதேர் பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கு ஒரு பருவமாகவே அமைந்தது. கீழடியில் மண்ணை அகழ்ந்தபோது பகடைக் காய்களும் ஆட்டக் காய்களும் சுடுமண் வட்டுகளும் கிடைத்தன. தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்றே ஒரு நூல் இயற்றி, ஊருக்கு ஊர் மாறும் ஆட்ட முறைகளைத் தொகுத்து வைத்தார். நாம் தெருப்புழுதியில் ஆடியதனைப் பேரறிஞர் ஒருவர் ஏட்டில் எழுதத் தக்கதெனக் கருதினார் என்றறிந்தபோது நமக்கு உண்டான பெருமை சிறிதன்று.

திருவனந்தபுரத்திற்கு வந்தபின் மற்றொன்றும் அறிந்தோம். நம் கிட்டிப்புள் இங்கே 'குட்டியும் கோலும்'. நம் பாண்டி இங்கே 'கக்குகளி'. நம் தட்டாங்கல் இங்கே 'கொத்தங்கல்லு'. பம்பரம் ஈரிடத்தும் பம்பரமே. பல்லாங்குழியோ மேலும் நெடுந்தொலைவு சென்றது. கன்னடத்தார் அதனை 'அளகுளி மணை' என்பர். தெலுங்கர் 'வாமன குண்டலு' என்பர். மலாய் நாட்டில் 'சொங்காக்' என்னும் பெயரில் அதன் உறவு ஆடப்படுகின்றது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலும் அவ்வினத்து ஆட்டங்கள் உண்டு. ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு, நமக்கு முன்னரே எல்லை கடந்துவிட்ட விளையாட்டுகளை எண்ணும்போது ஓர் ஆறுதல் உண்டாகின்றது.

ஆயினும் பழமையென்றால் யாவும் பொன் என்று கூற நாம் ஒருப்படோம். கிட்டிப்புள் பட்டு நம் தோழன் ஒருவனின் புருவம் பிளந்தது. கண் தப்பியது தெய்வச் செயல். தமக்கை பன்னிரண்டு அகவையில் பெரியவளானாள். மறுநாள் முதல் தெருவில் பாண்டி ஆடலாகாது என்றனர். நாம் ஆடுவதனை அவள் கதவிடுக்கின் வழியே பார்த்து நின்றாள். நம் தெருவிற்கு விளையாட வரக் கூடாதவர் எனச் சில பிள்ளைகள் இருந்தனர். ஏன் என்று நாம் கேட்டதில்லை. இன்று அதனை நினைக்குந்தோறும் நாணுகின்றோம்.

இனி நம் இல்லத்துச் செய்திக்கு வருவோம்.

தந்தையார் 2010இல் பணியில் இருக்கும்போதே காலமானார். அவர் விட்டுச்சென்ற இரயில்வே உத்தியோகம் நமக்குக் கிட்டியது. 2019இல் ஊர் வீட்டை ஒழித்துத் தாயாரையும் இங்கே அழைத்து வந்தோம். வண்டியில் இடம் போதாமையால் பழம்பொருள்கள் பலவற்றை எடைக்குப் போட்டோம். அவற்றுள் தாயார் தம் பிறந்த வீட்டிலிருந்து கொணர்ந்த பல்லாங்குழிப் பலகையும் ஒன்று. மீன் வடிவினது, நடுவே மடங்குவது, கீல் ஒன்று கழன்றிருந்தது. நம் கண்ணுக்கு அது விறகாகவே தோன்றியது. இங்கு வந்தபின் தாயார் அதனைத் தேடினார். உண்மையைச் சொன்னோம். "போகட்டும் ஐயா" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நெஞ்சு இத்துணை நோவாது.

குடியிருப்பில் அவருக்குப் பேச்சுத்துணை இல்லை. அண்டையில் உள்ளோர் அன்புடையவரே. ஆயினும் மலையாளம் அவர் நாவில் ஏறவில்லை. நம் மகளோ இங்கேயே வளர்ந்தவள்; இப்பொழுது எட்டு அகவை. ஆச்சி தமிழில் கேட்பார். பேத்தி மலையாளத்தில் மறுமொழி சொல்வாள். அதுவும் கைபேசியைப் பார்த்தபடியே. இருவரும் ஒரே அறையில் இருந்தும் இடையே ஒரு மலை இருந்தது. தமிழ் எழுத்துகளைக் கற்பிக்க நாம் ஏடு வாங்கினோம், அவள் அழுதாள், நாம் அதட்டினோம், ஏடு பரணுக்குச் சென்றது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் மின்சாரம் தடைப்பட்டது. கைபேசியும் உயிரிழந்தது. பணி முடிந்து இல்லம் திரும்பிய நாம் கண்ட காட்சியாவது: தரையிலே சுண்ணக்கட்டியால் வரைந்த பதினான்கு வட்டங்கள், அவற்றில் சமையலறைப் புளியிலிருந்து எடுத்துக் கழுவிய கொட்டைகள், அகல்விளக்கின் இருபுறமும் தாயாரும் மகளும்.

மறந்தோர்க்காக ஆட்டமுறையைச் சுருங்கச் சொல்வோம். ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து காய், ஆக எழுபது. தம் பக்கத்துக் குழி ஒன்றை வழித்தெடுத்து அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்லவேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை வழித்து ஆட்டத்தைத் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாயின் அதனைத் தடவிவிட்டு, அதற்கப்பால் உள்ள குழியின் காய்களை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் எதிராளிக்குச் செல்லும். இரு குழிகள் தொடர்ந்து வெறுமையாயின் ஒன்றும் கிடையாது. இடையில் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு', குழிக்குரியவர் எடுத்துக்கொள்ளலாம். தோற்றவர் கையில் உள்ள காய்களால் இயன்ற குழிகளை நிரப்பி, எஞ்சியவற்றை அடைத்துவிட்டு மீண்டும் ஆடுவார். தோற்றார் என்று எழுப்பி விடுவதில்லை.

அன்றிரவு பேத்தி, "ஆச்சி கள்ளக்களி!" என்று கூவினாள்.

"கள்ளாட்டம்னு சொல்லு தாயி. அப்பந்தான் ஆச்சி காயைத் திரும்ப வைப்பேன்" என்றார் தாயார்.

"கள்ளாட்டம்! கள்ளாட்டம்! அது என் பசு!"

நாம் வாயிற்படியிலேயே நின்றுவிட்டோம். ஏட்டினாலும் அதட்டலினாலும் வாராத தமிழ், சண்டையிட வேண்டிய தேவையினால் வந்தது. கற்ற மொழியிற் பேசிவிடலாம். தன் மொழியிலன்றோ உரிமையுடன் சண்டையிட இயலும்! மறுநாள் மின்சாரம் இருந்தது. ஆயினும் ஆட்டமும் இருந்தது. சில நாளில் அண்டை வீட்டுச் சிறுமியும் வந்து சேர்ந்தாள். அவளும் இப்பொழுது 'கள்ளாட்டம்' என்றே கூவுகின்றாள்.

ஒரு ஞாயிறன்று நாமும் தாயாருடன் ஆட அமர்ந்தோம். பெண்கள் ஆட்டமென்று இளமையில் ஏளனம் செய்து கற்காது விட்டமையால் விரைவிலேயே தோற்றோம். கையில் மிஞ்சியவை நான்கு காய்களே. "குழிக்கு ஒண்ணா வச்சு ஆடு ஐயா, அதுக்குக் கஞ்சி காய்ச்சுறதுன்னு பேரு" என்றார். சற்றுப் பொறுத்து, "உங்க அப்பா போனதுக்கு அப்புறம் நாம காய்ச்சினதும் அதுதானே" என்றார். அந்நாளில் ஓய்வூதிய ஆணை வரும்வரை இல்லத்தில் இருந்ததனைக் குழிக்கு ஒன்றாக இட்டு அவர் குடும்பம் நடத்தியதனை அன்றுதான் முழுமையாக உணர்ந்தோம்.

பின்னர்ப் புதிய பலகை ஒன்று வாங்கி வந்தோம். தாயார் குழிகளை விரலால் தடவிப் பார்த்து, "இது வேற" என்றார். ஆயினும் அதிலேதான் ஆடுகின்றார். நாம் எடைக்குப் போட்டது போட்டதே, அது மீளாது.

அன்பர்களுக்கு ஓரிரு குறிப்புகள். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையும் சோழியும் ஏற்றவை, மஞ்சாடியும் ஆகும். குன்றிமணி மட்டும் வேண்டா. அதன் கண்கவர் சிவப்பினுள்ளே கொடிய நஞ்சு உள்ளது. விதை உடைந்து வயிற்றினுட் செல்லின் உயிருக்கே ஊறு நேரும். மூன்று அகவைக்குட்பட்ட குழந்தைகளின் அருகில் எக்காயையும் விட்டு வைக்கலாகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடையில் விளையாட்டுப் பொருள் வாங்குவோர் இந்தியத் தர முத்திரை உள்ளதா எனப் பார்த்து வாங்குக; 2021 சனவரி 1 முதல் அது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பதிவு பெற்ற கைவினைஞர் செய்யும் பொருள்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆதலின் ஊருக்குச் செல்வோர் அம்பாசமுத்திரத்துச் சொப்பினையும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையினையும் கைவினைஞரிடமே கேட்டு வாங்கலாம். நவராத்திரிக் கொலுவிலும் அவை அழகு செய்யும்.

இவ்விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்களே! பரணை ஒழிக்குமுன் ஒருமுறை தாயாரைக் கேளுங்கள். எடைக்குப் போடுமுன் இருமுறை கேளுங்கள். உங்கள் ஊரில் ஆடிய ஆட்டங்களின் பெயரையும் முறையையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி இப்பகுதிக்கு விடுப்பின், வரும் திங்களில் வெளியிடுவோம். இன்று இத்துடன் முடிக்கின்றோம். உள்ளே நம்மை அழைக்கின்றனர். அண்டை வீட்டுச் சிறுமி இன்று வரவில்லையாம். ஆட்டத்திற்கு ஓர் ஆள் குறைகின்றது.

வணக்கம்.